செயலியே எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுக்கும் காலத்தில் மழலையர் பள்ளி ஆசிரியருக்கு இனி என்ன வேலை?

உங்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று டேப்லெட் பார்த்தே எழுத்தெல்லாம் ஒப்பித்திருக்கும், அதனால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் அந்த வயதுக் குழந்தைகளின் ஆசிரியை. எழுத்து, எண், நிறம் சொல்லிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை என்றால், ஆமாம், அதில் பாதி போய்விட்டது. போகட்டும்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அறுகோணம், எண்கோணம் எல்லாம் பார்த்தவுடன் சொல்வான். ஆனால் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க வராது. "திறந்து தாங்க மிஸ்" என்று கேட்கவும் வராது. பாட்டிலை நீட்டிக்கொண்டு பேசாமல் நிற்பான். அவன் வாய் திறக்கும்வரை நானும் காத்திருப்பேன். கேட்டதும் மூடியை அரைச் சுற்று மட்டும் தளர்த்திக் கொடுப்பேன். மீதியை அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு திருகுவான். அரைச் சுற்றா, கால் சுற்றா என்பது அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரியும். இப்போது எங்கள் வேலையில் பெரும்பகுதி இதுதான். எல்லாவற்றுக்கும் திரைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஆளாளுக்குத் திறந்து கொடுத்துப் பழக்கியும் இருக்கலாம்.

குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரிசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு ஆட்கள் நேரில் விளையாடிக்கொண்டே மாண்டரின் என்ற சீன மொழி பேசியபோது, அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றன. அதையே திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019இல், ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றது.

உடனே "பழைய பஞ்சாங்கம்" என்று கிளம்பிவிடாதீர்கள். பேச்சு வராத குழந்தை, டேப்லெட்டில் படத்தைத் தொட்டுத் தனக்கு வேண்டியதைக் கேட்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கருவியை யாராவது பிடுங்க வந்தால் முதலில் நான்தான் சண்டைக்கு நிற்பேன்.

எனக்கு எரிச்சல் வேறொன்றில். பெற்றோர் குழுவுக்கு நாள் தவறாமல் படம் அனுப்பச் சொல்கிறார்கள். களிமண்ணில் ஒரு குழந்தை முதல்முறை உருண்டை பிடிக்கும்போது நான் கைபேசியைத் தூக்கிக்கொண்டு கோணம் பார்க்க வேண்டியிருக்கிறது. அது நிமிர்ந்து பார்க்கும் நேரத்தில் என் முகம் கைபேசிக்குப் பின்னால் இருக்கிறது. படம் வராத நாளில் தயவுசெய்து நிர்வாகத்துக்குப் புகார் எழுதாதீர்கள். அன்றைக்கு உங்கள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.