முதலில் ஃபேனை எண்ணுங்கள்

(பொதுப்பணித் துறையின் மின் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செயற்பொறியாளர், அரசுக் கட்டடங்களில் மின் சிக்கனம், சூரிய மின்சாரம் பற்றிய வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 12 வகுப்பறைகள். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து மாடியில் சோலார் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். எத்தனை கிலோவாட் கேட்கலாம் ஐயா?
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, தருமபுரி மாவட்டம்

கிலோவாட் பேச்சை ஒரு வாரம் தள்ளி வையுங்கள் அம்மா. முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய் ஃபேனையும் டியூப் லைட்டையும் எண்ணுங்கள்.

வகுப்புக்கு நாலு ஃபேன், நாலு டியூப் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய ஃபேன் 75 வாட். பழைய டியூப் 40 வாட், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோக் தனியாக ஒரு 12 வாட் தின்னும். 48 ஃபேனும் 48 டியூப்பும் ஓடினால் 6 கிலோவாட். ஒரு நாளைக்கு 7 மணி நேரம், வருஷத்துக்கு 220 நாள் என்றால் சுமார் 9,400 யூனிட். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். ஆக, உங்களுக்கு ஆறரை கிலோவாட் வேண்டும்.

இப்போது அதே ஃபேன்களைக் கழற்றிவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் உள்ளது), 20 வாட் எல்.இ.டி. டியூப் மாட்டுங்கள். 6 கிலோவாட் 2.4 ஆகிறது. வருஷச் செலவு 3,700 யூனிட். இரண்டரை கிலோவாட் போதும், மூன்றாகப் போட்டால் தண்ணீர் மோட்டாருக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் என்று கொண்டால், போடாமல் விட்ட மூன்றரை கிலோவாட்டில் 2,10,000 மிச்சம். ஃபேன் 3,000 ரூபாய் என்றால் 48 ஃபேனுக்கு 1,44,000. மிச்சத்திலேயே ஃபேனும் வந்துவிட்டது, டியூப்பும் வந்துவிடும். மாடியிலும் 650 சதுர அடிக்குப் பதில் 300 சதுர அடிதான் போகும். ஆனால் ஃபேன் மாற்றினால் யாரும் ரிப்பன் வெட்ட வர மாட்டார்கள், மாடியில் பேனல் பளபளத்தால் வருவார்கள். அதுதான் சிக்கல்.

இன்னும் இரண்டு விஷயம். பேட்டரி வைத்த சோலார் வேண்டாம். மே மாதம்தான் வெயில் கொளுத்தும், அப்போது பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும், பேட்டரி நிரம்பிய பிறகு வரும் மின்சாரம் வீண். மின்வாரிய லைனோடு இணைத்தால் அந்த யூனிட்டெல்லாம் லைனுக்குப் போய் மீட்டரில் பதியும். ஆனால் கரன்ட் போனால் இந்தச் சோலாரும் நின்றுவிடும் என்பதை முன்னாள் மாணவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள். போஸ்ட்டில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் உங்கள் மாடி மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே, பேனல் மின்சாரத்தை லைனுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் தானாக அணையும்படி செய்திருக்கிறார்கள்.

எங்கள் மேலதிகாரி அறையில் ஏ.சி. எப்போதும் 18-ல்தான் இருக்கும். அறையும் சீக்கிரம் குளிர்கிறது என்கிறார். சரியா?
ஒரு இளநிலை உதவியாளர், சேலம்

18-ல் வைத்தால் சீக்கிரம் குளிராது. சாதாரண ஏ.சி. அதே வேகத்தில்தான் குளிர்விக்கும், நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 1 டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தி திறன் பணியகத்தின் கணக்கு. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏ.சி.கள் போட்டவுடன் 24-ல் தொடங்க வேண்டும் என்பது விதி. இதை நீங்கள் போய் அவரிடம் சொல்ல வேண்டாம். இந்தப் பக்கத்தை மேஜையில் மறந்து வைத்துவிட்டு வாருங்கள்.

டெண்டரில் குறைந்த விலைக்காரருக்கே வேலை போகிறது. மூன்றாம் வருஷம் இன்வெர்ட்டர் படுத்துவிடுகிறது. எஸ்டிமேட்டில் என்ன எழுதலாம் சார்?
பெயர் வேண்டாம் என்ற உதவிப் பொறியாளர்

தம்பி, "நல்ல தரமான ஃபேன்" என்று எழுதினால் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து இறக்குவார்கள். வாட் எழுதுங்கள். வாட் மட்டும் எழுதினால் காற்றே வராத ஃபேன் வரும். எனவே 1200 மி.மீ. ஃபேனுக்கு நிமிடத்துக்கு 210 கன மீட்டர் காற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விளக்கென்றால் வாட்டோடு லூமென், அதாவது வெளிச்சத்தின் அளவு. சோலார் என்றால் பேனல் விலையோடு ஐந்து வருஷப் பராமரிப்பையும் ஒரே விலைப்புள்ளியில் கேளுங்கள், வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று உறுதி வாங்கிக்கொண்டு அதைப் பார்த்துப் பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். பேனலைக் கழுவ மாடியில் ஒரு தண்ணீர்க் குழாயும், ஏறிப்போக ஒழுங்கான படியும் சிவில் எஸ்டிமேட்டிலேயே இருக்கட்டும். நான் பார்த்த பல மாடிகளில் புறா எச்சத்தைக் கழுவ வாளித் தண்ணீரை ஏணியில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் போவார்கள், அப்புறம் யார் போவது?

என் தப்பையும் சொல்கிறேன். ஒரு மாவட்ட அலுவலகக் கட்டடத்துக்கு 20 கிலோவாட் எஸ்டிமேட் போட்டேன். சிவில்காரர்களின் வரைபடத்தில் லிஃப்ட் அறை எங்கே வருகிறது என்று பார்க்கவில்லை. அது மேற்கே எழும்பி நின்றது. மதியம் இரண்டரை மணிக்கு மேல் ஒரு வரிசையில் நிழல். வரிசையாகக் கோத்த பேனல்களில் ஒன்றிரண்டின் மேல் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் மின்சாரமே குறையும். எம்-புக்கில் (முடிந்த வேலையை அளந்து பதியும் புத்தகம்) கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது. அன்று முதல் சிவில் பொறியாளரோடு ஒரு டீ குடிக்காமல் நான் வரைபடத்தில் கை வைத்ததில்லை.

தன் மின்சாரத்தைத் தானே தயாரிக்கும் அரசுக் கட்டடம் இந்தியாவில் உண்டா?
கல்லூரி மாணவி, திருநெல்வேலி

டெல்லியில் இந்திரா பர்யாவரண் பவன், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அலுவலகம். 2014-ல் திறந்தார்கள். மேலே 930 கிலோவாட் சோலார். எல்லோரும் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது கீழே செய்த வேலை: பகல் வெளிச்சம் உள்ளே வரும்படி கட்டடத்தைத் திருப்பி வைத்து, நடுவில் திறந்த முற்றம் விட்டு, குளிர்ந்த நீர் ஓடும் குழாய்களை அறைகளின் உட்கூரையில் பொருத்திக் குளிர்விக்கிறார்கள். முற்றத்தை நம் பாட்டன் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். கூரையிலும் அப்படித்தான்: செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டு ஓடு பதித்த நம் பழைய மொட்டை மாடி கீழே வெப்பம் இறங்குவதைத் தடுத்தது. இப்போது முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டுவிட்டு, உள்ளே திரையை இழுத்துவிட்டு, பகலில் விளக்கைப் போட்டு உட்காருகிறோம்.

உங்கள் வீட்டில் சோலார் இருக்கிறதா?
வாசகர், திருச்சி

இல்லை ஐயா. 16 குடித்தனம் உள்ள அடுக்ககம், மாடி எல்லோருக்கும் பொது. சங்கக் கூட்டம் மூன்று முடிந்துவிட்டது. வடாம் எங்கே காய வைப்பது என்ற இடத்தில் பேச்சு நிற்கிறது. ஏழடி உயரத்தில் சட்டம் அடித்து மேலே பேனல் போடலாம் என்றேன். நிழலில் வடாம் காயுமா என்று என் மனைவியே கேட்டுவிட்டாள்.