வீட்டு மருந்துப் பெட்டி: அம்மாவின் இருபத்தேழில் எட்டு போதும்

ஓசூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் வீட்டில் எட்டு மாதக் குழந்தை, ஐந்து வயதுப் பையன், நாங்கள் இருவர், பி.பி.க்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடும் மாமியார். சளி, வயிற்றுப்பொருமல் என்று சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கிளினிக் வாசலில் உட்கார வேண்டியிருக்கிறது. நாட்டு மருந்துப் பெட்டி ஒன்று வைத்துக்கொள் என்று அம்மா இருபத்தேழு சரக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கூடவே பாட்டி காலத்து உரைகல்லும். எல்லாவற்றையும் வாங்கலாமா, டாக்டர்?"

வேண்டாம். பட்டியலில் இருப்பவை கெட்ட சரக்குகள் என்பதல்ல. நான் சித்த மருத்துவம் படித்தவள். அவற்றில் பாதியை என் மேசை மீதே வைத்திருக்கிறேன். ஆனால் வீட்டுப் பெட்டிக்குள் என்ன வரலாம் என்பதைச் சரக்கின் பெருமை தீர்மானிக்கக் கூடாது. அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஒரு கைக்குழந்தையும், தினம் மாத்திரை விழுங்கும் பெரியவரும் இருக்கிறார்கள். அதனால் பட்டியலைச் சேர்ப்பதில் தொடங்காமல் அடிப்பதில் தொடங்குவோம்.

முதலில் வசம்பு. பேர் சொல்லா மருந்து, பிள்ளை வளர்ப்பான் என்றெல்லாம் சொல்லிப் பழகிய பொருள், அதனால் அம்மாவுக்கு வருத்தம் வரும் என்று தெரியும். வசம்பில் உள்ள அசரோன் என்ற வேதிப்பொருள் குழந்தைக்கு ஆகாது. அதைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவும்போது எவ்வளவு உள்ளே போகிறது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. ஜாதிக்காயும் அப்படித்தான். குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்தத் தூக்கமே அளவு கூடிவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். கோரோசனை, கஸ்தூரி மாத்திரை வகைகளையும் நீங்களாக வாங்காதீர்கள். சித்த மாத்திரைகள் சிலவற்றில் லிங்கம், ரசம் என்று பாதரசச் சரக்கு சேரும். உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் பற்பம், செந்தூரமும் மருத்துவர் கையிலிருந்து வர வேண்டியவை, பெட்டியில் கிடக்க வேண்டியவை அல்ல.

அடுத்தது கற்பூரமும் நீலகிரித் தைலமும். சளிக்குக் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சில் தடவுவது வீட்டுக்கு வீடு நடக்கிறது. இவை இரண்டும் சின்னக் குழந்தையின் வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலே சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். சாமி அலமாரிக் கற்பூரத்தை மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்ட பிள்ளைகளை வார்டில் பார்த்திருக்கிறேன். எனவே பூஜைக் கற்பூரமும் உங்கள் ஐந்து வயதுப் பையனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வேப்பெண்ணெயும் அதே கணக்கு. சளி, மாந்தம் என்று அதைக் குழந்தைகளுக்குப் புகட்டியதால் மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை 1981-லேயே மலேசிய மருத்துவர்கள் லான்செட் இதழில் எழுதிவிட்டார்கள். தலைக்குத் தேய்ப்பதோ செடிக்குத் தெளிப்பதோ வேறு கதை. புகட்டக் கூடாது.

எட்டு மாதக் குழந்தைக்கு இந்தப் பெட்டியின் நாட்டுச் சரக்கு எதுவுமே வேண்டாம். தேனும் வேண்டாம். ஒரு வயது முடியும் முன் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும். காய்ச்சினாலும் அந்தக் கிருமியின் வித்து சாகாது. மூக்கடைத்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு, அடிக்கடி தாய்ப்பால், அவ்வளவுதான். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சுக்கு விலா உள்ளே இழுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனை.

இனி எட்டுச் சரக்கு. சுக்கு, மிளகு, ஓமம், சீரகம், இலவங்கம், கடுக்காய், விரலி மஞ்சள், படிகாரம். பாதி உங்கள் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கும். (அஞ்சறை என்று பேர், இப்போது கடையில் வாங்கினால் ஏழு கிண்ணம்.) ஆனாலும் மருந்துக்குத் தனியாக வாங்குங்கள், முழுசாக வாங்குங்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மஞ்சள்தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலப்பது தெரிந்த மோசடி. இலவங்கத்தைத் தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும். எண்ணெய் பிழிந்தெடுத்த சக்கை மிதக்கும்.

"கடுக்காய்க்கு அகணி நஞ்சு, சுக்குக்குப் புறணி நஞ்சு" என்று ஒரு சொல் உண்டு. எங்கள் படிப்பில் சரக்கின் நஞ்சை நீக்கும் சுத்தி முறை என்று தனிப் பாடமே இருக்கிறது. வீட்டுக்கு இந்த ஒரு வரி போதும். சுக்கின் மேல்தோலைச் சீவுங்கள். கடுக்காயை உடைத்துக் கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் இடியுங்கள்.

பெரியவர்களுக்கு வயிறு ஊதினால் ஓமம் அரை டீஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். ஓமத்தின் காரவாசனைக்குக் காரணமான தைமால் தான் வேலை செய்கிறது. ஆகையால் திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வாசனையையெல்லாம் கூரைக்கு அனுப்பாதீர்கள். நெஞ்செரிச்சல், குடல்புண் உள்ளவர்களுக்கு ஓமம் வேண்டாம், சீரகத் தண்ணீர் போதும். பையனுக்கும் சீரகத் தண்ணீர்தான். சளியும் தொண்டைக் கரகரப்பும் வந்தால் சுக்கு, மிளகு தட்டிப்போட்ட கஷாயம் பெரியவர்களுக்கு. பையனுக்கு இரவு படுக்கும் முன் ஒரு டீஸ்பூன் தேன். இருமலைத் தணிப்பதில் தேன் நல்ல பெயர் எடுத்திருக்கிறது.

பல்வலிக்கு ஒரு இலவங்கத்தை வலிக்கும் பல்லருகே அடக்கிக்கொள்ளலாம். அதிலுள்ள யூஜினால் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், பல் டாக்டரிடம் போகும்வரை தாங்கும். இலவங்க எண்ணெய் வேண்டாம். ஈறு வெந்துவிடும், பையன் கைக்குக் கிடைத்தால் இன்னும் மோசம். தொண்டை வலிக்கு இளஞ்சூட்டு உப்புநீரில் ஒரு சிட்டிகை, விரலி மஞ்சளை இடித்த பொடி போட்டுக் கொப்பளியுங்கள். கடுக்காய்த்தோல் கஷாயம் வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க. கடுக்காய்த்தோல் பொடி அரை டீஸ்பூன் வெந்நீரில், மாமியாருக்கு மலச்சிக்கல் வரும் இரவில். அவர் மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து. நாலு நாளில் சரியாகவில்லை என்றால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். படிகாரம் மூலிகை அல்ல, உப்பு. ஷேவிங் கீறலுக்கு ஈரப்படுத்தி ஒரு தடவை தடவினால் ரத்தம் நிற்கும், அதற்கு மட்டும்.

மாமியார் விஷயத்தில் மூன்று எச்சரிக்கை. அம்மா பட்டியலில் உள்ள அதிமதுரம் தொண்டைக்கு இனிது, ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். இந்துப்பு பி.பி.க்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சிறுகுறிஞ்சான், ஊறவைத்த வெந்தயம் போன்றவற்றைச் சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து ஆரம்பித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். மாத்திரை எழுதிய மருத்துவருக்குத் தெரிந்து செய்யட்டும்.

பால்கனியில் இரண்டு தொட்டி வையுங்கள்: கற்பூரவல்லி, கற்றாழை. கற்பூரவல்லி இரண்டு இலையை அனலில் வாட்டிப் பிழிந்து பையனுக்கு ஒரு டீஸ்பூன், தேனோடு. பெரியவர்களுக்கு ரசத்தில் போட்டாலே போதும். அம்மா ஆடாதொடையும் வைக்கச் சொல்லியிருக்கிறார். நல்ல மூலிகை; இன்று சளி கரைக்கும் புரோம்ஹெக்சின் மருந்து பிறந்ததே அதிலுள்ள வாசிசினிலிருந்துதான். ஆனால் அது கருப்பையைச் சுருங்க வைக்கும், கர்ப்பிணிகள் தொடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கொத்து கேட்டால் முதலில் அதை விசாரியுங்கள். குப்பைமேனியை அரிப்புக்கு மேலே பூசலாம், உள்ளே வேண்டாம். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைந்திருப்பது) உள்ளவர்கள் அதைச் சமைத்துச் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சிதைந்த சம்பவங்கள் இலங்கையில் பதிவாகியிருக்கின்றன.

கற்றாழை தீக்காயத்துக்குத்தானே என்பீர்கள். அதற்கு முன்னால் தண்ணீர். சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரின் கீழ் இருபது நிமிடம் காட்டுங்கள். கடிகாரம் பார்த்து இருபது. நிறையப் பேர் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். பற்பசை, மை, நெய், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். தோல் கிழியாமல் சிவந்து மட்டும் இருந்தால் பிறகு கற்றாழைச் சோறு. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை வடியவிட்டுக் கழுவிவிட வேண்டும், அது எரிச்சல் தரும். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பில் பட்டாலோ, பையனின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள். தீக்காயம் என்றதும் ஒன்று: குழந்தைகளுக்குப் போர்வை போர்த்தி ஆவி பிடிக்க வைக்காதீர்கள். ஆவியைவிடக் கொதிநீர்ச் சட்டி கவிழ்வதுதான் பயம்.

நாட்டு மருந்துப் பெட்டிக்குள் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டா என்று அம்மா கேட்கலாம். நான் முதலில் வைக்கச் சொல்வதே அதைத்தான். பேதியில் உயிரை எடுப்பது நீரிழப்பு. மாதுளை ஓட்டுக் கஷாயமும் மோரில் வெந்தயமும் அதற்கு அப்புறம்தான். உறையில் உலக சுகாதார நிறுவனக் கலவை என்று இருக்கிறதா பாருங்கள். பழச்சாறு மாதிரி பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் அது அல்ல. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் கரைத்து, 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூடவே தெர்மாமீட்டர், காஸ் துணி, பிளாஸ்டர், குழந்தைகளின் எடைக்கு உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த பாராசிட்டமால்.

நிலவேம்புக் குடிநீர் வேண்டுமானால் பெரியவர்கள் இருவருக்கு மட்டும் சின்னப் பொட்டலம் வாங்கலாம். தமிழக அரசின் மருந்து நிறுவனமான டாம்ப்கால் தயாரிப்பு கிடைத்தால் நல்லது. நிலவேம்பு, சுக்கு, மிளகு உட்பட ஒன்பது சரக்கு சேர்ந்தது அது. காய்ச்சலுக்கு இதைக் குடித்துவிட்டு டெங்குப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் ரத்தம் பார்த்தாக வேண்டும்.

பாம்புக்கடி, நாய்க்கடி, மஞ்சள்காமாலை, நெஞ்சுவலி ஆகியவற்றுக்கு இந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. பாம்பு என்றால் கட்டாமல், கீறாமல், 108. நாய் என்றால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே தடுப்பூசி.

சேமிப்பு பற்றி மருத்துவ நூல்களில் ஒரு கணக்கு இருக்கிறது: குடிநீருக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம், சூரணத்துக்கு மூன்று மாதம். காலையில் வைத்த கஷாயத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சுடவைப்பவர்கள் முதல் பாதியைப் படிக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் போட்டு, பெயரும் வாங்கிய தேதியும் எழுதி ஒட்டுங்கள். முழுச் சரக்கில் வண்டு வந்தாலோ வாசனை போனாலோ உடனே எறிந்துவிடுங்கள். மற்றபடி போகிக்கு மீதியைக் கழித்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். ஐம்பது கிராமுக்கு மேல் எதையும் வாங்காதீர்கள்.

அந்த உரைகல்லைக் குழந்தைக்காக எடுக்க வேண்டாம், பரணிலும் போட வேண்டாம். நீர்க்கோத்து மாமியாருக்குத் தலை கனத்தால் தோல் சீவிய சுக்கை அதில் வெந்நீர் விட்டு உரைத்து, கண்ணுக்கு வழியாமல் நெற்றியில் மெல்லிய பற்றாகப் போடுங்கள். எரிச்சல் கூடினால் துடைத்துவிடலாம். அம்மாவிடமும் சொல்லுங்கள், கல்லுக்கு வேலை இருக்கிறது.