வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்கக் கடற்படையின் ரிசர்வ் (பகுதிநேர வீரர்கள்) பிரிவினருக்கு மாதம் இரண்டு நாள்தான் பயிற்சியாமே! திடீரென அழைத்தால் தயாராக இருப்பார்களா?

பதில்: அந்த இரண்டு நாளும் கணக்கில் 4 பயிற்சிகள், ஒவ்வொன்றும் குறைந்தது 4 மணி நேரம். ஆண்டுக்கு 48. தவிர, சுமார் இரண்டு வாரத் தொடர்பணி. 12 மாதத்துக்குள் அனுமதியின்றி 9 பயிற்சிகளுக்கு வராதவரின் பங்கேற்பு திருப்தியற்றதாகப் பதிவாகும். இரண்டு மாதம் மட்டம் போட்டு, மூன்றாம் மாதம் ஒரு வேளை தவறினாலே கதை முடிந்தது.

ஆனால் தயார்நிலை பல்லிலும் கவிழலாம்! வீரர்களின் பல்நலத்தை வகுப்புகளாகப் பிரிப்பார்கள். ஆண்டுப் பல் பரிசோதனை காலாவதியானால் 4-ஆம் வகுப்பு. 12 மாதத்துக்குள் அவசர சிகிச்சை தேவைப்படக்கூடிய பல் இருந்தால் 3-ஆம் வகுப்பு. இந்த இரு வகுப்பினரையும் பொதுவாக வெளிப்பணிக்கு அனுப்ப மாட்டார்கள். பயிற்சி நாளன்று காலாவதியானவர்களின் பட்டியலை நீட்டும் சீஃப் பெட்டி ஆபீசரால் (வீரர்களை வழிநடத்தும் மூத்த படிநிலையினர்) பயனில்லை. பல் மருத்துவரிடம் நேரம் வாங்கவே வாரங்கள் ஆகும். காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே ஒவ்வொருவருக்கும் போன் செய்பவரே நல்ல தலைவர்.