புட்டிக் கணக்கும் வாளிக் கணக்கும்

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம். நான் கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று என்று புட்டிகள் வாங்கியே மாதம் 60 வெள்ளி (ரிங்கிட்) கரைகிறது. ஆகவே வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து நானே துடைக்கும் நீர் செய்து வருகிறேன். அன்னாசித் தோலைச் சீனித் தண்ணீரில் புளிக்கவைக்கும் ‘என்சைம்’ என்ற துடைக்கும் நீரும் போட்டு, மினரல் வாட்டர் புட்டியில் இறுக மூடி, பாத்திரத் தொட்டிக்குக் கீழே வைத்து மூன்று வாரமாகிறது. “இதில் என்ன பெரிதாக மிச்சப்படப்போகிறது?” என்று கணவர் சிரிக்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம., செந்தூல்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

மிச்சப்படும். ஆனால் நீங்கள் பாடுபடுகிற இடத்தில் அல்ல. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில் நானும் மனைவியும் ஓராண்டு இதையே செய்து, நோட்டுப் புத்தகத்தில் கணக்கும் எழுதி வைத்திருப்பதால் துணிந்து சொல்கிறேன்.

என்சைமுக்கு 3 பங்கு தோல், 1 பங்கு சீனி, 10 பங்கு தண்ணீர், மூன்று மாதம் என்ற அளவு பினாங்கில் பல வீடுகளில் மனப்பாடம். ஒரு கிலோ சீனியை 3 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், பத்து லிட்டர் தண்ணீரில் ஊறியதை வாளிக்குக் கால் லிட்டர் வீதம் ஊற்றும்போது ஒரு வாளிக்கு 7.5 காசு ஆகிறது. நாங்கள் முன்பு கடையில் வாங்கிய தரைத் திரவம் இரண்டு லிட்டர் 9 வெள்ளி. அதை வாளிக்கு 50 மில்லிலிட்டர்தான் ஊற்றினோம் என்பதால் வாளிக்கு 22.5 காசு. வாரம் மூன்று முறை துடைக்கிற வீட்டுக்கு ஆண்டு முழுவதும் மிச்சம் 23 வெள்ளி. புட்டியின் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருப்பது, வாளியில் எண்ணும்போது இவ்வளவுதான். உங்கள் கணவரின் சிரிப்பில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

அந்த நீர் உண்மையில் என்ன என்று கேட்டால், சீனியை ஈஸ்ட் சாராயமாக்க, சாராயத்தைப் பாக்டீரியா அசெட்டிக் அமிலமாக்க, கடைசியில் கிடைப்பது பெரும்பாலும் பழவாசனை கொண்ட மெல்லிய வினிகர்தான். அது ஓசோனை உண்டாக்கி வீட்டுக் காற்றைத் தூய்மையாக்கும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்; தோல் புளிப்பதில் ஓசோன் உண்டாவதில்லை. சரியாகப் புளிக்காமல் சீனி மிஞ்சிய நீரில் துடைத்த அன்று எங்கள் கூடத்தில் எறும்புச் சாரி ஊர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

வினிகரையும் சோடாவையும் கலப்பதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். 5 விழுக்காட்டு வினிகர் 240 மில்லிலிட்டரில் 17 கிராம் சோடாவைப் போட்டால், அதாவது ஒரு மேசைக்கரண்டியைவிடச் சற்றே கூடுதலாகப் போட்டால், இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு அறுபடுவதாக மனம் மகிழ்கிறது. கரியமிலவாயு போனபின் மிஞ்சுவது சோடியம் அசெட்டேட் என்ற உப்புக் கரைந்த தண்ணீர்தான். வெள்ளிக்கிழமை குத்துவிளக்குக்குப் புளி போட்ட நம் பாட்டிமார், தேய்த்து முடித்துக் கழுவிய பிறகுதான் சாம்பலை எடுத்தார்கள்; இரண்டையும் ஒன்றாகக் கலக்கவில்லை. கட்டிச் சவர்க்காரத்தைக் கரைத்த நீரில் வினிகர் ஊற்றியும் ஒருமுறை பார்த்தேன். பால் திரிவதைப்போலத் திரிந்து, கொழுப்பு வெள்ளைக் கட்டிகளாக மிதந்தது.

தனித்தனியே வைத்தால் இரண்டும் நல்ல வேலைக்காரர்கள். சரிபாதி தண்ணீர் கலந்த வினிகர் கண்ணாடிக்கும் குழாயில் படியும் வெள்ளைக் கறைக்கும் போதும். குழைத்த சோடா அடிபிடித்த சட்டிக்கு ஆகும். அடுப்பு எண்ணெய்ப் பிசுக்குக்குச் சுடுநீரும் பாத்திரம் கழுவும் திரவத்தில் நான்கு சொட்டும் ஆகும். பளிங்கிலும் பழைய மொசைக் தரையிலும் மட்டும் வினிகர் படக்கூடாது, அதிலுள்ள சுண்ணாம்பை அமிலம் அரித்துவிடும். எங்கள் வாசலில் மங்கிப்போன ஒரு திட்டு அதற்குச் சாட்சியாக இன்றும் இருக்கிறது.

இப்படிக் கண்ணாடிப் புட்டி, அடுப்புப் புட்டி, வாசனைத் தெளிப்பான் என்று ஒவ்வொன்றாக வாங்காமல் விட்டதில் எங்கள் மாதச் செலவு 45 வெள்ளியிலிருந்து 18 வெள்ளிக்கு இறங்கியது. மிஞ்சிய 27 வெள்ளியில் என்சைமின் பங்கு இரண்டு வெள்ளிகூட வராது.

அந்த 18 வெள்ளியில் பிளீச்சும் உண்டு. எந்த நிறுவனத்துடையதானாலும் நம் வீடுகளில் அதற்குக் குளோராக்ஸ் என்றுதான் பெயர். பச்சைக் கோழி வெட்டிய பலகைக்கும் கழிவறைக்கும் வினிகர் அதற்கு ஈடாகாது என்பதால் அதை நாங்கள் விடவில்லை. ஆனால் பிளீச்சோடு வினிகரோ என்சைமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; அடுக்குமாடி வீட்டின் சிறிய குளியலறையில் அது மூச்சையே அடைத்துவிடும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், ஒரே நாளில் ஒரே இடத்தில் ஊற்றவும் வேண்டாம்.

கடைசியாகச் சொல்வதை நீங்கள் முதலில் செய்ய வேண்டும். முதல் மாதத்தில்தான் தோல் அதிகமாக வாயு விடும். மூன்று வாரம் இறுக மூடிய புட்டி இந்நேரம் கல்லைப்போல விறைத்திருக்கும். எங்களுடையது ஒரு நள்ளிரவில் வெடித்து, அன்னாசி நார் தொட்டிக் குழாய்வரை ஒட்டிக்கிடந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, புட்டியின்மேல் ஈரத் துணியைப் போட்டு, மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பிறகு அதில் “குடிக்காதே” என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். மினரல் வாட்டர் புட்டியில் இருக்கும் பழச்சாற்று நிற நீரைப் பிள்ளைகள் என்னவென்று கேட்காமலே குடித்துவிடுவார்கள்.