ஒரு சினைப்பையை எடுத்துவிட்டால் குட்டி பாதியாகுமா? – கேள்வி பதில்

செங்குன்றம் பக்கம் பண்ணை வைத்திருப்பவரின் யார்க்‌ஷயர் தாய்ப்பன்றிக்குக் கட்டி வந்து இடது சினைப்பையை எடுத்துவிட்டார்கள். அதையொட்டி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

செங்குன்றம் பண்ணைக்காரர்: இனி ஈத்துக்குப் பாதிக் குட்டிதானா சார்?

இல்லை, கவலைப்படாதீர்கள். இரண்டு சினைப்பையும் சேர்ந்து விடும் முட்டைகளின் எண்ணிக்கையை, மிஞ்சிய ஒன்றே ஏறக்குறைய எட்டிவிடும். அறுவை சிகிச்சை பருவத்துக்கு வரும் நேரத்தை ஒட்டி நடந்திருந்தால் அந்த ஒரு தடவை மட்டும் குறையலாம். 21 நாள் கழித்து வரும் பருவத்தில் சரியாகிவிடும்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி: ஒன்று போனது இன்னொன்றுக்கு எப்படித் தெரிகிறது?

இந்தச் சங்கதியில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. சினைப்பையில் முட்டை வளரும் கொப்புளங்கள் இன்ஹிபின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கொப்புளங்களை வளரத் தூண்டும் எஃப்எஸ்எச் என்ற ஹார்மோனைப் பிட்யூட்டரி விடுகிறது, அதன் அளவை இன்ஹிபின்தான் அடக்கி வைக்கிறது. ஒரு சினைப்பை போனதும் இன்ஹிபின் சட்டென்று இறங்குகிறது, எஃப்எஸ்எச் கொஞ்ச காலம் ஏறுகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் வளரத் தொடங்கும் கொப்புளங்களில் பெரும்பாலானவை பாதியிலேயே அழிந்துபோகும் அல்லவா? கூடுதல் எஃப்எஸ்எச் அவற்றில் சிலவற்றைப் பிழைக்க வைக்கிறது. அவை வளர்ந்து இன்ஹிபினைச் சுரந்ததும் எஃப்எஸ்எச் பழைய அளவுக்குத் திரும்புகிறது. சினைப்பையும் பெருத்திருக்கும். ஆனால் புதிதாக ஒரு முட்டைகூட உருவாவதில்லை. வீணாகப் போகவேண்டியவை காப்பாற்றப்படுகின்றன, அவ்வளவுதான்.

தாம்பரம் வாசகர்: வலது பக்கம் ஆண், இடது பக்கம் பெண் என்பார்களே, இனி எல்லாம் கடுவன்தானா?

அது வெறும் நம்பிக்கை. ஆணா பெண்ணா என்பதைக் கடாவின் விந்தணுதான் தீர்மானிக்கிறது.

காட்டுப்பாக்கம் வாசகர்: அப்படியானால் நஷ்டமே இல்லையா?

நீண்ட காலத்தில் இருக்கலாம். ஜான் ஹண்டர் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் 1787-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஒரு சினைப்பை எடுத்த பன்றி 8 ஈத்தில் 76 குட்டி போட்டு நின்றுவிட்டது. முழுதாக இருந்தது 13 ஈத்தில் 162 போட்டது. ஈத்துக்கான சராசரி பாதியாகவில்லை, ஓரளவு குறைந்தது; ஈத்துகளும் குறைந்தன. பக்கத்துக்கு ஒரே பன்றி என்பதால் அந்த எண்களைச் சட்டமாகக் கொள்ள முடியாது. எப்படியும் இன்றைய பண்ணைகளில் அத்தனை ஈத்துவரை யாரும் வைத்திருப்பதில்லை. உங்களுக்கு இது உறைக்காது.

அயனாவரம் வாசகி: எனக்கும் ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். இதேதானா?

அடிப்படை இதேதான் அம்மா. பெரும்பாலானோருக்கு மாதவிலக்கு தொடர்ந்து வரும், கருத்தரிக்கவும் முடியும். மாதவிடாய் நிற்கும் வயது கொஞ்சம் முந்தலாம். உங்கள் நிலைமையை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

செங்குன்றம் பண்ணைக்காரர்: முட்டை ஒரே பக்கம் வந்தால் கர்ப்பப்பையின் இரண்டு கிளைகளில் மறு கொம்பு காலியாகக் கிடக்காதா?

கிடக்காது. பன்றியின் கருக்கள் நகரக்கூடியவை. ஏறக்குறைய 12-ஆம் நாளுக்குள் இரு கொம்புகளிலும் பரவி இடம்பிடித்துவிடும். அப்போது ஒரு கொம்பு முழுக்கக் காலியாக இருந்தால்தான் சினை தங்காது. இரண்டு முறை சேர்த்தும் நிற்கவில்லை என்றால், அறுத்த இடத்தில் தசை ஒட்டிக்கொண்டு வழி அடைபட்டிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.