எதிர்ப்பு சக்தி குறைவா?

வணக்கம் அக்கா,
களியக்காவிளையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு சொரியாசிஸ், தோலில் செதிலாகப் படை வருகிற நோய். மருந்து போட்டால் மறைகிறது, நிறுத்தினால் அதே முழங்கையில் திரும்ப வருகிறது. எதிர்ப்பு சக்தி குறைவு என்று ஒருவர் லேகியம் தருகிறார், கொடுக்கலாமா? மீனை விட வேண்டுமா? சித்தி வீட்டில் தனி டம்ளர் வைத்ததிலிருந்து அம்மா எங்கேயும் வருவதில்லை.
ஷீபா

அன்புள்ள ஷீபா,

மீன் கிடக்கட்டும், சாளையும் நெத்திலியும் ஒத்துக்கொண்டால் அம்மா தின்னட்டும். லேகியம் என்றதும்தான் எனக்குக் கோபம் வந்தது. குறைவு என்று யார் சொன்னது? அம்மாவின் எதிர்ப்பு சக்தி குறையவில்லை மக்களே, அடங்காமல் வேலை செய்கிறது. டி செல்கள் என்கிற வெள்ளணுக்கள் கிருமியே இல்லாத தோலில் இன்டர்லூக்கின் 17 போன்ற சேதி சொல்லும் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன, மேல்தோல் அதைக் கேட்டு அவசரப்படுகிறது, ஒரு மாதம்போல எடுத்து மேலே வர வேண்டிய செல் நாலைந்து நாளில் வந்து செதிலாக அடுக்குகிறது. 1979இல், எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரினை மூட்டு நோய்க்குக் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்குத் தோல் படையும் மறைந்தது. அதுவரை இதைத் தோல் செல்லின் கோளாறாகவே பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். இன்றைக்குப் போடுகிற செக்குகினுமாப் ஊசி அந்த இன்டர்லூக்கின் 17ஐத்தான் தடுக்கிறது. அடக்க மருந்து கொடுக்கிற நோய்க்குக் கூட்ட லேகியமா?

அதே முழங்கையில் ஏன் வருகிறது என்றால், படை மறைந்த பிறகும் டி செல்களில் சில ரத்தத்துக்குத் திரும்பாமல் அந்த இடத்துத் தோலிலேயே தங்கிவிடுகின்றன. நினைவு செல்கள். பழைய தொற்றை மறக்காமல் நம்மைக் காக்கிற அதே குணம்தான், இங்கே ஆளையே வாட்டுகிறது. ஆகவே திரும்ப வரும்போதெல்லாம் "என்ன தின்றாய்" என்று அம்மாவைக் கேட்காதே. தயவுசெய்து கேட்காதே.

என் அத்தை குழித்துறைச் சந்தையில் வெற்றிலை விற்றாள். கையெல்லாம் படை. வாங்குகிறவர்கள் காசைக் கையில் தராமல் சாக்கின் மேல் போடுவார்கள். அவளோ ஒவ்வொரு முறையும் தான் தின்றதையே யோசிப்பாள், கத்தரிக்காயா கருவாடா என்று, ஒவ்வொன்றாக விட்டுவிட்டுக் கடைசியில் கஞ்சியும் சிறுபயறும்தான் மிச்சம். அப்படியும் படை போகவில்லை. இது ஒட்டாது, உன் குற்றமும் இல்லை என்று அவளிடம் ஒருத்தர் சொல்லவில்லை.

உன் சித்தியிடம் நீ சொன்னாயா? எனக்கு இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்தவளுக்கு அந்த டம்ளரைப் பார்த்தபோது வாய் எங்கே போயிற்று? போய்ச் சொல், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ.

அப்புறம், மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதே, சட்டென்று நிறுத்தினால் சீழ்க்கொப்புளமாகப் பொங்கக்கூடும். காலையில் விரல்களை மடக்க அம்மா சிரமப்படுகிறாளா என்றும் பார். சிலருக்கு இந்த அழற்சி மூட்டுக்குள்ளும் இறங்கும். அப்படி இருந்தால் தோல் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.