பெருங்குடல் புற்றுநோய் அறுவைக்குக் கோத்தகிரியிலிருந்து கோவை போகிறேன். அதற்கு முன் என்னென்ன செய்துகொள்ள வேண்டும்?

நீங்கள் சொன்ன விவரம் இது: வயது 57, கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம், பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி, பயாப்சியில் புற்றுநோய் உறுதி. ஹீமோகுளோபின் 8.9. சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை ஓடுகிறது. 24 நாள் கழித்துக் கோவையில் அறுவை. "முந்தின நாள் வந்து அட்மிட் ஆனால் போதும் என்கிறார்கள், அதுவரை சும்மா இருக்கலாமா?"

ஆஸ்பத்திரிக்கு முந்தின நாள் போதும். உடம்புக்கு மூன்று வாரம் வேண்டும். மலைப்பாதைக்குத் தனியாக இரண்டு நாள் வேண்டும்.

முதல் வேலை ரத்தம். வலது பக்கக் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் சொட்டுச் சொட்டாகக் கசியும். மலத்தில் சிவப்பே தெரியாது, ஆனால் உடம்பில் இரும்பு தீர்ந்துபோகும். 8.9-ஓடு மேசையில் படுத்தால் ரத்தம் ஏற்ற வேண்டிய வாய்ப்பும், புண் ஆறுவதில் சிக்கலும் கூடும். இதைக் கடைசி வாரத்தில் சரிசெய்ய முடியாது. இரும்பு உள்ளே போய்ப் புது ரத்தமாக மாற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள்: "ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பு என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்க்கலாமா, இரும்பை ஊசியாகப் போடலாமா?" ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்தை ஒரே தடவையில் 1000 மில்லிகிராம் வரை சலைனில் கலந்து கால் மணி நேரத்தில் ஏற்றிவிடுவார்கள். ஒரு வாரத்துக்கு அதற்கு மேல் போடுவதில்லை. அயன் சுக்ரோஸ் என்றால் தடவைக்கு 200 மில்லிகிராம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அலைச்சல் அதிகம், பலன் அதேதான்.

மாத்திரைதான் கொடுத்தார்கள் என்றால், நம்ம ஊரில் அது பலிக்காமல் போக முக்கியக் காரணம் டீ. காலையில் எழுந்ததும் ஒன்று, தோட்டத்துக்குப் போகும் முன் ஒன்று, சோற்றுக்குப் பின் ஒன்று என்று குடிக்கிறோம். தேயிலையில் இருக்கும் டானின் இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் டீ, காபி, பால் கூடாது. வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டால் நன்றாக ஏறும். மலம் கறுப்பாகும், பயப்பட வேண்டாம். ஆனால் குடலைச் சுத்தம் செய்வதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லி அதை நிறுத்த வேண்டும். கறுப்பு மலம் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும், எளிதில் வெளியே வராது.

அடுத்தது சாப்பாடு. பத்தியம் என்று சொல்லிக் கஞ்சியும் ரொட்டியுமாக இருப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. புற்றுநோய் தசையைக் கரைக்கும், அறுவை இன்னும் கரைக்கும். எடைக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்று கணக்கு. 55 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 65 முதல் 80 கிராம். ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6, வெந்த கோழிக்கறி 100 கிராமில் 25, ஒரு கப் கெட்டிப் பருப்பில் 7 என்று கூட்டிப் பாருங்கள். நாம் சாப்பிடுவது எவ்வளவு குறைவு என்று தெரியும். கிட்னிக் கோளாறு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் ஊட்டச்சத்து கொடுத்துவிட்டு அறுவை செய்வது உண்டு.

பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எல்லாம் இன்றோடு நிறுத்தம். நான்கு வாரம் இருந்தால் நல்லது, உங்களுக்கு இருப்பது மூன்றரை. குடியும் அப்படியே, தினமும் குடிப்பவர் என்றால் திடீரென்று விடாமல் டாக்டரிடம் உண்மையைச் சொல்லி விடுங்கள். மறைத்தால் அறுவை முடிந்த மூன்றாம் நாள் கை நடுங்கி, பிதற்ற ஆரம்பிக்கும்போது வெளியே வரும்.

தினம் அரை மணி நேர நடை போதும். மேடு பள்ளமான ஊரில் அதுவே நல்ல பயிற்சி. மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை இப்போதே வாங்கிப் பழகுங்கள். நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, குழாயை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்ச வேண்டும். பந்து மேலே போனதும் மூச்சை இரண்டு மூன்று வினாடி அடக்கி, பிறகு வெளியே விடுங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பத்துத் தடவை. வயிற்றில் தையலோடு முதல்முறையாக இதைக் கற்றுக்கொள்வது கொடுமை.

இனி மாத்திரைகள். உங்கள் சர்க்கரை மாத்திரையின் பெயரைச் சொல்லவில்லை. அட்டையைத் திருப்பி உள்ளே என்னென்ன மருந்து என்று படியுங்கள், ஏனென்றால் ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருந்தால் அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். கருவியில் 160 காட்டும், ஆள் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். கிளிமிபிரைட் இருந்தால் சிக்கல் வேறு மாதிரி: சுத்தம் செய்யும் நாளில் சோறே இல்லாமல் அதைப் போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். மெட்ஃபார்மினைப் பொதுவாக அறுவை நாள் காலையில் தவிர்ப்பார்கள். பி.பி.க்கு டெல்மிசார்ட்டான் வகை என்றால் 24 மணி நேரம் முன் நிறுத்துவது வழக்கம். மெட்டோபுரோலால், அட்டெனோலால் வகையை நிறுத்தவே கூடாது. குளோபிடோகிரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளுக்கு 5 முதல் 7 நாள் கணக்கு உண்டு. ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. சித்த மருந்து, லேகியம் ஏதாவது இருந்தாலும் அதையும் பையில் எடுத்துப் போங்கள். மயக்க மருந்து டாக்டரிடம் எல்லா அட்டையையும் மேசையில் கொட்டி, எது எந்தத் தேதியில் கடைசி என்று கையால் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை பஸ் ஏறும்போதே மறந்துபோகும்.

காகிதங்களில் கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) ரிப்போர்ட், பயாப்சி, மார்பு முதல் இடுப்பு வரை சி.டி., சி.இ.ஏ. ரத்தச் சோதனை நான்கும் இருக்க வேண்டும். கொலோனோஸ்கோப்பி கட்டியைத் தாண்டிக் குடலின் கடைசி வரை போனதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்றிருந்தால் மீதியை எப்போது பார்ப்பார்கள் என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் செய்வதானால் கார்டு, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே ஒப்பிடுங்கள். ஒரு இனிஷியல் மாறி அனுமதி இரண்டு நாள் தள்ளிப்போனால் அறுவைத் தேதியும் தள்ளும். கார்டே இல்லை என்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி ஊட்டி கலெக்டர் ஆபீஸில் பதிய வேண்டும். ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. இந்த 24 நாளுக்குள் வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், வாந்தி வந்தால் அது குடல் அடைப்பு. தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பேதி மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். அடைத்த குடலுக்கு மேலே பேதி மருந்து ஊற்றினால் குடல் கிழியக்கூடும்.

குடலைச் சுத்தம் செய்வதுதான் நோயாளிகள் அதிகம் பயப்படும் கட்டம், அதிகம் சொதப்பும் கட்டமும். வலது பக்க அறுவைக்குச் சில சர்ஜன்கள் இதைக் கேட்பதே இல்லை, உங்களுக்கு உண்டா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உண்டென்றால், மூன்று நாள் முன்பிருந்தே சக்கை இல்லாத சாப்பாடு: வெள்ளைச் சோறு, இட்லி, காய் போடாத ரவை உப்புமா, தயிர், முட்டை, மீன், தோல் நீக்கிய உருளைக்கிழங்கு. ராகிக் களி, கீரை, அவரை, பீன்ஸ் கூடாது. விதை உள்ள பழம் எதுவும் வேண்டாம். கொய்யா, மரத்தக்காளி, தாட்பூட் பழம் (பேஷன் ஃப்ரூட்) எல்லாம் அதில் அடங்கும். அந்தப் பொடி விதைகள் எத்தனை லிட்டர் குடித்தாலும் கழுவிக்கொண்டு போகாது.

முந்தின நாள், குடலைக் கழுவும் பேதி மருந்தான பாலிஎதிலீன் கிளைக்கால் பொட்டலம் தருவார்கள். பொதுவாக ஒரு பொட்டலத்துக்கு 2 லிட்டர் தண்ணீர். 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், 250 மில்லி, இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். எலுமிச்சை பிழியலாம். சர்க்கரை சேர்க்கக் கூடாது, குடலில் புளித்து வாயு உண்டாகும். "பிரிட்ஜில் வைத்துக் குடியுங்கள், சுவை தெரியாது" என்பார்கள். எல்லோருக்கும் அது சரிப்படாது. 2 லிட்டர் சில்லென்ற தண்ணீர் உள்ளே போனால் உடம்பு நடுங்கும். அறை வெப்பத்திலேயே குடியுங்கள். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்தி, பிறகு மெதுவாகத் தொடருங்கள். மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் அடித்துக்கொண்டு போய்விடும். கூடவே ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதியிருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். சுத்தம் மட்டும் செய்து இந்த மாத்திரை போடாமல் விட்டால் புண் சீழ் வைப்பது பெரிதாகக் குறையாது. கடைசியில் துகள் இல்லாமல் வெளிர் மஞ்சள் தண்ணீராக வர வேண்டும். பழுப்பாகவே நின்றால் மறைக்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள். ஆசனவாயில் முன்கூட்டியே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொண்டால் எரிச்சல் தெரியாது. பி.பி. இறங்கித் தலைசுற்றும், கக்கூஸ் கதவைத் தாழ் போடாதீர்கள்.

இதைக் கோத்தகிரி வீட்டில் குடித்துவிட்டு வண்டியேறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவு, நினைத்த இடத்தில் இறங்க முடியாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் மரம் சாய்ந்தாலோ மண் சரிந்தாலோ பாதை பல மணி நேரம் நிற்கும். கோடை சீசனில் ஊட்டிக்கு வருபவர்களைக் குன்னூர் வழியாக ஏற்றிக் கோத்தகிரி வழியாக இறக்குவார்கள்; அப்போது உங்கள் பாதை முழுக்கச் சுற்றுலா வண்டிகள். இரண்டு நாள் முன்பே இறங்கிக் கோவையில் உறவினர் வீட்டிலோ ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜிலோ தங்குங்கள். குளியலறை அறைக்குள்ளேயே இருக்கட்டும். ரத்த தானத்துக்கு இரண்டு பேரைக் கேட்டால், கோவையில் இருப்பவர்களைச் சொல்லி வையுங்கள்.

கடைசி இரவு: திட உணவு அறுவைக்கு 6 மணி நேரம் முன்பு வரை, தெளிந்த திரவம் 2 மணி நேரம் முன்பு வரை என்பது பொது விதி. குடல் சுத்தம் உண்டென்றால் அந்த நாளில் திட உணவே கிடையாது என்பதால் உங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். பால் விடாத டீ தெளிந்த திரவம். ஒரு சொட்டுப் பால் விட்டாலும் அது திரவக் கணக்கில் வராது. வயிற்று முடியை வீட்டில் பிளேடு போட்டு மழிக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறலில் கிருமி ஏறும். மோதிரம் வருடக்கணக்கில் இறுகியிருந்தால் இப்போதே சோப்பு போட்டுக் கழற்றுங்கள். கரண்ட் வைத்து ரத்தக்குழாயைச் சுடும் கருவி இருப்பதால் தியேட்டருக்குள் உலோகம் கூடாது. ஆடும் பல் இருந்தால் மயக்க டாக்டரிடம் காட்டுங்கள். வலது பக்க அறுவையில் வயிற்றில் மலம் சேரும் பை வைப்பது அரிது, ஆனாலும் "தேவைப்பட்டால் எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டு, வேட்டி கட்டும் இடத்தைக் காட்டி, உட்கார்ந்தும் குனிந்தும் பார்த்துக் குறி போடச் சொல்லுங்கள். வேட்டி மடிப்பில் பை விழுந்தால் நாள் முழுக்கக் கசியும்.

திரும்பி வருவதையும் இப்போதே திட்டமிடுங்கள். குடலை இணைத்த இடம் கசிந்தால் பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள் தெரியும்: காய்ச்சல், படபடப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி. ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் செய்தாலும் உடனே மலை ஏறாமல் பத்து நாளாவது ஆஸ்பத்திரிக்கு அரை மணி தூரத்தில் இருங்கள். கால் ரத்தம் கட்டாமல் இருக்க எனாக்ஸாபாரின் ஊசி 28 நாள் வரை எழுதலாம். ஊரில் தினமும் போட ஆள் இருக்கிறாரா, இல்லாவிட்டால் வீட்டில் யாராவது கற்றுக்கொள்வார்களா என்று பாருங்கள். வெட்டியெடுத்த குடலின் பயாப்சி முடிவும் அநேகமாக அந்தப் பத்து நாளுக்குள் வந்துவிடும். நிணநீர் முடிச்சு எத்தனை பார்த்தார்கள் என்று கேளுங்கள், குறைந்தது 12 இருக்க வேண்டும். கீமோ தேவைப்பட்டால் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்குவது வழக்கம் என்பதால், அடுத்த தேதியை வாங்காமல் மேலே ஏறாதீர்கள். ஏறும்போது முன் சீட், சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை, குஞ்சப்பனையில் ஒரு நிறுத்தம், பத்து நிமிட நடை.